பசுவின் உடற்காவலும் அதன் கடிவாளமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கறவைப் பசு நோயுற்றால் குடும்பத்தின் வருவாயே தளரும். 1987 இல் இலங்கையில் மீண்டும் புகுந்த வெக்கை நோயைத் தடுப்பூசி வென்றது. 2011 இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. ஆயினும், உடலில் நெடுங்காலம் தங்கும் கிருமிகள் சில எளிதில் அடங்குவதில்லை. காரணம் யாது?

குருதியின் வெள்ளணுக்களே உடலின் காவலர். அவை வரம்பு மீறித் தம் உடலையே தாக்காதிருக்கும் பொருட்டு, இயற்கை அவற்றின் மேற்பரப்பில் 'பீ.டி.-1' என்னும் புரதத்தைக் கடிவாளமாக அமைத்துள்ளது. 1992 இல் யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹொஞ்சோ குழுவினர் இதனைக் கண்டறிந்தனர். இதன் பணி பின்னரே துலங்கியது. வேறோர் அணுவிலுள்ள இணைப்புரதம் இக்கடிவாளத்தைப் பற்றினால் காவலணு ஓய்ந்துவிடும். மாட்டு வெண்குருதி நோயின் வைரசு உடலில் நீடிக்கும்போது இப்பிடி இறுகுகின்றது.

ஹொக்கைடோப் பல்கலைக்கழக ஆய்வாளர், இணைப்புரதத்தை மறைக்கும் பிறபொருளெதிரியொன்றை மாடுகளுக்கென ஆக்கினர். 2017 இல் வெளியான ஆய்வில், அதனைப் பெற்ற கன்றின் குருதியில் வைரசின் அளவு குறைந்தது. நோய் முற்றாக நீங்கிவிட்டதென்பது இதன் பொருளன்று. கடிவாளம் தளர்ந்தால் காவலே தீங்காகவும் கூடும். மருந்தின் விலையும் விவசாயிக்கு எட்டவேண்டும்.

ஆதலின், தடுப்பூசியும் தூய கொட்டிலும் உண்ணி ஒழிப்புமே இன்றும் பசுவுக்கு முதற்காவல். புதிய ஆய்வு அவற்றுக்குத் துணையாக வளர்வதே நலம்.