பன்ஹாளா: கோட்டைக்குள் குடியிருக்கும் ஊர்

புனேயின் கராடியில் வேலை பார்க்கும் தமிழர்கள் காரில் சொந்த ஊருக்குக் கிளம்பினால், சாத்தாரா, கோலாப்பூர் வழியாகப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலைதான் பழக்கமான பாதை. அந்தக் கோலாப்பூரிலிருந்து 20 கிலோமீட்டர் விலகி மலையேறினால் பன்ஹாளா. உயரம் 3,000 அடிக்கு மேல். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீள மதிலுக்குள் நகராட்சி, பள்ளிக்கூடம், கடைத்தெரு, கோயில், தர்கா எல்லாம் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3,000 பேர் வாழும் ஊர் இது.

கை மாறிய மலை

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாஹார மன்னர் இரண்டாம் போஜர் இங்கிருந்து ஆண்டார். அடுத்து யாதவர்கள், பாமினி சுல்தான்கள், பீஜப்பூரின் அடில்ஷாகிகள். மதில்களைப் பலப்படுத்தியதில் பெரும்பங்கு பீஜப்பூர்க்காரர்களுடையது. முற்றுகையைத் தாங்க வேண்டுமானால் தண்ணீரும் தானியமும் வேண்டும். மூன்றடுக்குக் கிணறான அந்தார் பாவடியும், கங்கா, யமுனா, சரஸ்வதி என்று பெயர் சூட்டிய அம்பர்கானா களஞ்சியங்களும் அதற்காகவே எழுந்தவை.

1659 நவம்பரில் சிவாஜி பன்ஹாளாவைப் பிடித்தார். மறு ஆண்டே பீஜப்பூர்த் தளபதி சித்தி ஜோஹர் மலையைச் சூழ்ந்துகொண்டார். மாதக்கணக்கில் நீண்ட முற்றுகையிலிருந்து, ஜூலை மழை இரவொன்றில் சிவாஜி விஷால்கட் கோட்டையை நோக்கித் தப்பினார். நாவிதரான சிவா காஷித், சிவாஜி வேடத்தில் பல்லக்கேறிப் போய் எதிரியிடம் சிக்கி உயிர் கொடுத்தார். சிவாஜியின் தளபதி பாஜி பிரபு தேஷ்பாண்டே வழியிலிருந்த கணவாயை மறித்துப் போரிட்டு மாண்டார்.

செஞ்சிக்குப் போன பாதை

1689 மார்ச்சில், கராடிக்குக் கொஞ்ச தூரத்திலுள்ள துளாப்பூரில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆணைப்படி சிவாஜியின் மகன் சம்பாஜி கொல்லப்பட்டார். அவருடைய தம்பி ராஜாராம் ராய்கட் கோட்டையிலிருந்து தப்பிப் பன்ஹாளா வந்தார். அங்கிருந்து மாறுவேடத்தில் தெற்கே பயணப்பட்டுச் செஞ்சியை அடைந்தார். 1698இல் வீழும்வரை மராட்டிய அரசின் தலைமையிடம் தமிழ்மண்ணில்தான் இருந்தது.

1701இல் பன்ஹாளாவும் முகலாயர் வசமானது. மராட்டியர் மீட்ட பின், ராஜாராமின் மனைவி தாராபாய் இதைக் கோலாப்பூர் அரசின் தலைநகராக்கினார். 1782இல் தலைநகரம் கீழே கோலாப்பூர் நகரத்துக்கு இறங்கியது. 1844 கிளர்ச்சியில் கிளர்ச்சியாளர்கள் கோட்டையைப் பிடிக்க, ஆங்கிலேயர் தாக்கி வசப்படுத்தினர். ஆட்சிகள் போனாலும் ஊர் கலையவில்லை.

மதிலுக்குள் இருப்பவர்கள்

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என 12 கோட்டைகள் சேர்ந்தன. பன்ஹாளா உட்பட 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. பெருமைதான், ஆனால் பன்ஹாளா வெறுங்கோட்டை அல்ல. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். மதிலுக்குள்ளேயே வீடு வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஓர் அறை கட்டுவதும் பெரிய கவலை.

சட்டம் தேவை. இல்லாவிட்டால் விடுதிகள் மதிலையே விழுங்கிவிடும். ஆனால் வீட்டைப் பழுதுபார்க்கக் கேட்கும் அனுமதி சீக்கிரம் கிடைக்க வேண்டும். பாதுகாப்புத் திட்டம் போடும் கூட்டத்தில் ஊர்க்காரருக்கு இடம் வேண்டும். சுற்றுலா வருமானம், வருகிறவர்களுக்கு கடலைமாவு ஜுன்காவும் பாக்ரி ரொட்டியும் சமைத்துப் போடும் பெண்கள் கைக்கும் போய்ச் சேர வேண்டும். சிவா காஷித் போன்ற எளியவர்கள் உயிர் கொடுத்த மலை இது. அதைக் காக்கும் பொறுப்பில் எளியவர்களுக்கும் உரிமை இருக்கிறது.