இசைக்கருவிகளின் பொதுமொழி

நுழையும்முன்

குழலும் யாழும் முழவும் இயைந்து ஒலிக்க வேண்டுமானால், வாசிப்போர் ஒருவர் இசையை மற்றவர் செவிமடுத்தல் வேண்டும். மின்னணு இசைக்கருவிகளுக்குச் செவி இல்லை. அவை எண்களால் பேசிக்கொள்கின்றன. அந்த எண்மொழியின் பெயர் மிடி. அதன் ஆற்றலையும் எல்லையையும் அறிவது இக்கால இசையைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் கணியம்பாடி. இத்தகைய ஊர்களின் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவினர் பாடும்போது வயலின்களின் கூட்டொலியும் புல்லாங்குழலின் இசையும் எழுவதைக் கேட்கலாம். ஆனால் மேடையில் வயலினும் இராது, குழலும் இராது. கீபோர்டு வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்துகிறார். அருகிலுள்ள வேறொரு கருவி ஒலிக்கிறது. இஃது எவ்வாறு இயல்கிறது?

அளவெண் தரும் பொருத்தம்

வேலூர், ஆம்பூர் வட்டாரம் தோல் பதனிடுதலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர்பெற்றது. காலணியின் மேற்பகுதி ஓரிடத்திலும் அடிப்பகுதி வேறோரிடத்திலும் உருவாகலாம். இரண்டும் பிசகின்றிப் பொருந்துவதற்குக் காரணம், இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்ட பொதுவான அளவெண்ணே ஆகும்.

1970களில் மின்னணு இசைக்கருவிகளிடையே இத்தகைய பொது அளவு இல்லை. ஒரு நிறுவனத்தின் கருவியை மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு இணைப்பது அரிதாக இருந்தது. அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித் 1981ஆம் ஆண்டில் பொது இணைப்புமுறை ஒன்றை முன்மொழிந்தார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குடாரோ காக்கேஹாஷியும் இம்முயற்சியில் முன்னின்றார். 1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்களின் இரு கருவிகள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க, மற்றொன்றும் ஒலித்தது. இம்முறையைப் பயன்படுத்துவதற்கு உரிமத்தொகை கேட்கப்படவில்லை. ஆகவே அது விரைவில் உலகெங்கும் பரவியது.

ஒலியன்று, ஆணை

மிடிக் கம்பியின் வழியே ஒலி செல்வதில்லை, ஆணையே செல்கிறது. சுரக்குறிப்பு எழுதிய தாள் தானாகப் பாடாது. அதைப் பார்த்துப் பாடுவோரின் குரலில்தான் இசை பிறக்கும். மிடியும் அத்தகையதே. ஒரே ஆணையை வயலின் ஒலியாகவோ மணியோசையாகவோ மாற்றுவது அதைப் பெறும் கருவியின் வேலை.

ஒரு கட்டையை அழுத்தியதும் மூன்று எண்கள் புறப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 144, 60, 100 என்பவற்றைக் கொள்வோம். 144 என்பது ‘முதல் தடத்தில் சுரத்தைத் தொடங்குக’ என்னும் ஆணை. 60 என்பது எந்தச் சுரம் என்பதைக் குறிக்கும். 100 என்பது கட்டை எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்பதைக் காட்டும். சுரமும் விசையும் 0 முதல் 127 வரையிலான எண்களால் குறிக்கப்படும். விரலை எடுத்ததும் சுரத்தை நிறுத்தும் ஆணை செல்லும்.

தொடக்கத்தில் வகுத்த கம்பிமுறையில் நொடிக்கு 31,250 துணுக்குகள் செல்லும். எனவே, மூன்று எண்கள் சென்றுசேர நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒரே கம்பியில் 16 தடங்கள் உண்டு. ஒரு தடத்தில் குழல், மற்றொன்றில் தாளம் எனப் பல பகுதிகளைப் பிரித்து இயக்கலாம்.

தெரியுமா?

மரபான மிடி இணைப்பில், ஆணையைப் பெறும் கருவிக்குள் மின்குறிப்பு முதலில் ஒளியாக மாறி, மீண்டும் மின்குறிப்பாகிறது. இரு கருவிகளுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லாமையால், இவ்விணைப்பின் வழியே இரைச்சல் ஒலிபெருக்கியில் கலப்பது தடுக்கப்படுகிறது.

தமிழ்த் திரையிசையில்

ஆணைகளை வரிசையாகச் சேமித்து, வேண்டும்போது இயக்கும் கருவி சீக்குவென்சர். இளையராஜா இசையமைத்து 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’, இக்கருவியைப் பயன்படுத்திய தொடக்கக்காலத் தமிழ்த் திரைப்படங்களுள் ஒன்று. 1992இல் ‘ரோஜா’ படத்தின் வழியே அறிமுகமான ஏ. ஆர். ரகுமான், கணினியையும் மின்னணுக் கருவிகளையும் இசையமைப்பின் மையத்திற்குக் கொண்டுவந்தார். ஒருவரே தம் அறையிலிருந்து பல கருவிகளின் இசையைக் கட்டமைத்துப் பார்க்க வழி பிறந்தது. பதிந்தபின்னும் ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம். பாடலின் வேகத்தை மாற்றலாம். அதே வேளையில், கூட்டாக அமர்ந்து வாசித்த கலைஞர் பலரின் வாய்ப்புக் குறைந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

கமகம் என்னும் சோதனை

மிடியின் சுர எண்கள் ஒரு தானத்தைப் பன்னிரண்டாகப் பகுக்கும் கீபோர்டின் கட்டைகளைப் பின்பற்றியவை. தமிழிசையிலோ சுரம் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. அசைகிறது, வழுக்குகிறது, அடுத்த சுரத்தைத் தொட்டு மீள்கிறது. இவ்வசைவே கமகம். தோடி இராகத்தின் காந்தாரத்தை அசைவின்றி ஒரே கட்டையில் ஒலித்தால், சுரம் சரியாக இருந்தாலும் இராகத்தின் உருவம் புலப்படாது.

இக்குறையைப் போக்கச் சுரத்தை வளைக்கும் ஆணையும் மிடியில் உண்டு. கீபோர்டின் பக்கத்திலுள்ள சக்கரத்தை உருட்டினால், சுரம் 16,384 படிகளுக்குள் ஏறி இறங்கும். ஆயினும் அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். 2020இல் வெளியிடப்பட்ட மிடி 2.0 இந்நிலையை மாற்றியது. அதில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கலாம். அழுத்தத்தின் விசையை 65,536 படிகளில் குறிக்கலாம்.

படிகள் பெருகியதனால் மட்டும் கமகம் பிறந்துவிடாது. எங்கே அசைக்க வேண்டும், எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதைச் செவிப்பயிற்சியே கற்பிக்கும். கருவிகளுக்குப் பொதுமொழி கிடைத்துவிட்டது. அம்மொழியில் நம் இசையைப் பிழையின்றிப் பேசவைப்பது இசையறிந்தவர்களின் கடமை. இசையும் கணினியும் ஒருங்கே கற்கும் தமிழ் இளைஞர்களுக்கு இங்கே பணி காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. ஒரே பாடலை வாய்ப்பாட்டாகவும் கீபோர்டு இசையாகவும் கேட்டு, வேறுபாடுகளைப் பட்டியலிடுக.
2. ‘பொது அளவு, போட்டியாளரையும் இணைக்கும்’ – அன்றாட வாழ்வின் எடுத்துக்காட்டுகளோடு வகுப்பறையில் கலந்துரையாடுக.