நூலைப் போலத்தான் சேலையா?



வார்டுகளைச் சுற்றி வரும்போது பலவிதமான கேள்விகள் என்னிடம் வருகின்றன. நோயைப் பற்றிய கேள்விகளை ஜனங்கள் டாக்டரிடம் கேட்கிறார்கள். டாக்டரிடம் கேட்கக் கூசுகிற கேள்விகளைக் குருவானவரிடம் கேட்கிறார்கள். ஒரு நாள் பிள்ளைகள் வார்டில், காய்ச்சலாய்ப் படுத்திருந்த பேரனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா, பையன் கண்ணயர்ந்த பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஐயா, இவன் அப்பன் குடிச்சே செத்தான். அம்மாக்காரி மனசு சரியில்லாம கிடக்கா. இவனும் அப்படித்தான் போவானா?"

"அப்படியொன்றும் ஆகாது பாட்டி, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி ஜெபித்துவிட்டு வந்தேன். ஆனால் அறைக்குத் திரும்பிய பின்பு என் மனது அமைதியடையவில்லை. நான் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தைதானா? அல்லது அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா? செமினரியில் நான் வேதசாஸ்திரம் படித்தேன். குழந்தை மனோதத்துவம் படிக்கவில்லை. ஆகவே மனநல மருத்துவரான ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் தூர தேசத்துத் தீவு ஒன்றில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் பக்கம் திருப்பிவிட்டார். அதில் நான் வாசித்தறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு தீவின் குழந்தைகள்

பசிபிக் சமுத்திரத்தில் ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். கரும்பும் அன்னாசியும் விளைந்த பூமி. தோட்டங்களில் கூலி வேலைக்கென்று ஜப்பான், பிலிப்பைன்ஸ், போர்ச்சுகல் முதலிய தேசங்களிலிருந்து வந்தவர்களும், அம்மண்ணின் பூர்வ குடிகளும் அங்கே கலந்து வாழ்ந்தார்கள். 1955-ம் ஆண்டில் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளையும் ஒருவர் விடாமல் கணக்கில் எடுத்து, அவர்கள் வளர வளரக் கவனித்து வருவதென்று மருத்துவர்களும் சுகாதாரச் செவிலியரும் மனோதத்துவ நிபுணர்களும் தீர்மானித்தார்கள். எம்மி வெர்னர் அம்மையாரும் ரூத் ஸ்மித் அம்மையாரும் இந்த ஆராய்ச்சியை எழுதி உலகறியச் செய்தவர்கள்.

தாயின் கர்ப்பகாலத்தில் தொடங்கிய இந்தக் கவனிப்பு, குழந்தை பிறந்தபோதும், பின்பு 1, 2, 10, 18, 32, 40 வயதுகளிலும் தொடர்ந்தது. வளர்ந்தவர்களைக் கூப்பிட்டு, "உன் சிறுவயது எப்படி இருந்தது?" என்று கேட்பது ஒரு முறை. அதில் ஞாபக மறதி வந்து புகுந்துவிடும். பிறப்பிலிருந்தே கூடவே நடந்து, நடப்பதை நடந்தபடியே எழுதிவைப்பது வேறொரு முறை. கவாயில் செய்தது இந்த இரண்டாவது முறை. அதனாலேயே இதற்கு இவ்வளவு மதிப்பு.

மூன்றில் ஒருவர்

இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ 200 பேர் பெரும் பாரத்தோடு வாழ்க்கையைத் தொடங்கினவர்கள். வறுமை, பிரசவச் சிக்கல், எழுத்தறிவு குறைந்த தாய், ஓயாத குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் ஆகியவற்றில் நான்கோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள்ளாகவே அவர்கள் மேல் விழுந்திருந்தன.

இவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 10 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ இடறினார்கள். அல்லது 18 வயதுக்குள் சட்டத்தின் பிடியிலோ, மனநோயிலோ, பருவம் தப்பிய கர்ப்பத்திலோ அகப்பட்டார்கள். இதை மறைக்கக் கூடாது. துன்பம் பிள்ளைகளைக் காயப்படுத்துகிறது என்பது மெய்.

ஆனால் மீதி 72 பேர், அதாவது 42 பெண்களும் 30 ஆண்களும், அதே வீடுகளிலிருந்து வந்தும் நன்றாகப் படித்து, வேலை செய்து, பிறர்மேல் அன்புள்ளவர்களாக வளர்ந்தார்கள். 40 வயதில் பார்த்தபோது அவர்களில் ஒருவரும் வேலையில்லாமல் இல்லை. ஒருவரும் சட்டத்தின் பிடியில் சிக்கவில்லை. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்கிறோமே, இங்கே நூல் ஒன்றாகவும் சேலை வேறாகவும் அல்லவா வந்திருக்கிறது!

எது அவர்களைத் தாங்கியது?

முதலாவது, பிள்ளையின் சொந்தச் சுபாவம். இவர்களில் பலர் குழந்தைப் பருவத்திலேயே துறுதுறுப்பாகவும் பிறரோடு எளிதில் ஒட்டிக்கொள்கிறவர்களாகவும் இருந்தார்கள். விசேஷ திறமைசாலிகள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளதைக் கொண்டு நன்றாய்ச் செய்தார்கள். ஏதாவது ஒரு கைவேலையிலோ பொழுதுபோக்கிலோ சந்தோஷம் கண்டார்கள். வீட்டில் அவர்களுக்கென்று ஒரு பொறுப்பும் இருந்தது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பலர்.

இரண்டாவது, குடும்பத்துக்குள் ஒருவரோடாவது இருந்த நெருங்கிய பாசம். அந்த ஒருவர் தாயாகவோ தகப்பனாகவோதான் இருக்கவேண்டும் என்றில்லை. தாய் நோயில் கிடந்தபோது, தகப்பன் குடியில் கிடந்தபோது, ஒரு பாட்டியோ தாத்தாவோ, அத்தையோ, மூத்த அக்காளோ அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, வீட்டுக்கு வெளியே கிடைத்த துணை. அன்புள்ள ஓர் ஆசிரியர், அக்கறையுள்ள அயலார், வாலிபர் குழுவின் தலைவர், போதகர் என்று யாராவது ஒருவர். வீட்டில் சண்டை நடக்கும்போது அந்தப் பிள்ளைக்கு ஓடிப்போய் உட்கார ஓரிடம் இருந்தது.

இது ஏன் இவ்வளவு பெரிய காரியம்? பயம் வரும்போது குழந்தையின் சரீரம் முழுவதும் எச்சரிக்கை அடைகிறது. இருதயம் வேகமாய்த் துடிக்கிறது. ஆபத்தைச் சமாளிப்பதற்கான ரசாயனங்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. இது ஆண்டவர் வைத்த நல்ல ஏற்பாடுதான். நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவர் அருகில் வந்து அணைத்துக்கொண்டால், இந்த அலை விரைவில் தணிந்துவிடும. அணைப்பதற்கு ஒருவருமின்றி, நாளும் பொழுதும் அதே பயம் நீடித்தால், வளருகிற மூளைக்கும் சரீரத்துக்கும் அதுவே பாரமாகிவிடுகிறது. பிள்ளையின் வீட்டுப் பிரச்சினையை நம்மால் தீர்க்க முடியாமல் போகலாம். ஆனால் அந்தப் பிரச்சினையில் அது தனியாய் இருக்கிறதா, துணையோடு இருக்கிறதா என்பதை நம்மால் மாற்ற முடியும்.

இடறினவர்களின் கதை

இந்த ஆராய்ச்சியில் என்னை அதிகமாய்த் தொட்டது இனிமேல் சொல்லப்போகிற பகுதி. 18 வயதில் இடறிப்போனவர்களின் கதை அதோடு முடிந்துவிடவில்லை. 32 வயதிலும் 40 வயதிலும் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தேறி எழுந்திருந்தார்கள். சிறு வயதில் தாயானவர்களில் பலர் மறுபடியும் படித்து, வேலை தேடி, தங்கள் பிள்ளைகளைச் சீராக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறின வாலிபர்களில் பலர் குடும்பஸ்தர்களாகியிருந்தார்கள்.

அவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு எந்த வாசல் வழியாக வந்தது? சிலருக்கு விட்டுப்போன படிப்பைத் தொடர்ந்ததினால். சிலருக்கு இராணுவ சேவையினால். சிலருக்கு நல்ல வாழ்க்கைத் துணையினால். சிலருக்குச் சாவின் விளிம்புவரை கொண்டுபோன நோயிலிருந்தோ விபத்திலிருந்தோ பிழைத்ததினால். சிலருக்கு விசுவாசம் பிறந்து ஒரு சபையின் ஐக்கியத்தில் சேர்ந்ததினால்.

இந்த இடத்தில் குருவானவனாகிய நான் நேர்மையாகப் பேச வேண்டும். விசுவாசம் அவர்களுக்கு வாழ்க்கையில் ஓர் அர்த்தத்தையும், தங்களைப் பேர் சொல்லி அழைக்கிற ஒரு கூட்டத்தையும் தந்தது என்று ஆராய்ச்சி சொல்லுகிறது. ஆனால் அவர்களில் பல சபையினரும் இருந்தார்கள், பௌத்த மார்க்கத்தாரும் இருந்தார்கள். இதை நம் மார்க்கத்துக்கு மட்டுமான அத்தாட்சியாக நான் எடுத்துக்காட்ட முடியாது. என்றாலும், நம் சபைகளின் கதவு திறந்திருக்கிறதா என்ற கேள்வியை இது நம் முன் வைக்கிறது. வழிதப்பின ஒரு வாலிபன் 25 வயதில் திரும்பி வந்தால், அவனுக்கு நாம் உட்கார இடம் கொடுப்போமா, அல்லது அவன் தகப்பனின் பெயரைச் சொல்லிக் குசுகுசுப்போமா?

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: "பிள்ளைகள் எப்படியும் தேறிவிடும்" என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாய் வளர்ந்த அந்த 72 பேரிலும் சிலர் அதற்கு விலை கொடுத்தார்கள். பெற்றோரின் பிரச்சினைகள் தங்களையும் விழுங்கிவிடாதபடி சிலர் அவர்களைவிட்டுத் தள்ளியே வாழ வேண்டியிருந்தது. எல்லாரும் தேறவும் இல்லை. ஆகவே அடிபடுகிற பிள்ளையைக் கண்டும், "அவன் கெட்டிக்காரன், தாங்கிக்கொள்வான்" என்று விட்டுவிடுவது பாவம். முதலில் அடியை நிறுத்த வேண்டும்.

இரண்டு: எண்ணிக்கையைக் கொண்டு பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்தக் கூடாது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதுத் துன்பங்களைக் குறித்து விசாரித்தார்கள். அடி உதை, புறக்கணிப்பு, குடிகாரர் உள்ள வீடு என்று துன்பங்களின் எண்ணிக்கை கூடக் கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இருதய நோயும்கூட அதிகமாய்க் காணப்பட்டன. 1998-ல் இது வெளியானபோது மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. ஆனால் அதே ஆண்டாவும் அவருடைய உடன் ஆராய்ச்சியாளர்களும் 2020-ல் ஒரு திருத்தம் எழுதினார்கள்: இந்த எண்ணிக்கை ஒரு ஜனக்கூட்டத்தின் நிலையை அறிய உதவும், ஒரு தனி மனிதன் என்ன ஆவான் என்று முன்னறிவிக்க உதவாது. பிதாக்கள் தின்ற திராட்சைக்காய்களைப் பற்றிய பழமொழியை இனிச் சொல்ல வேண்டாம் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி தன் ஜனங்களைக் கண்டித்த 18-ம் அதிகாரம் எனக்கு ஞாபகம் வந்தது.

நாம் செய்யக்கூடியது

பிரியமானவர்களே, நீங்கள் டாக்டராகவோ மனோதத்துவம் படித்தவராகவோ இருக்கத் தேவையில்லை. ஞாயிறு பள்ளியில் எப்போதும் பின்வரிசையில் உட்காருகிற பிள்ளையின் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். அது ஒரு வாரம் வராவிட்டால் ஏன் என்று விசாரியுங்கள். அதற்கு ஒரு சிறு பொறுப்பைக் கொடுத்து, செய்து முடித்ததும் பாராட்டுங்கள். அயல்வீட்டில் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற பாட்டிமாருக்குத் தோள் கொடுங்கள்; தாங்குகிறவர்களையும் யாராவது தாங்க வேண்டும். இதை ஒரு நாள் உற்சாகத்தில் செய்துவிட்டு நிறுத்திவிடாமல், வருஷக்கணக்காய்ச் செய்யுங்கள். பிள்ளைகளைத் தாங்கினது அந்த நிலையான அன்புதான்.

பையன் வீட்டுக்குப் போகிற அன்று அந்தப் பாட்டியம்மாவை மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை ஆறுதல் மட்டும் சொல்லவில்லை. "பாட்டி, அன்றைக்கு நீங்கள் கேட்டதைப் பற்றி நிறைய வாசித்தேன். அப்பனைப் போலத்தான் ஆவான் என்று எவராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் நன்றாய் வளர்ந்ததற்குப் பெரிய காரணம் உங்களைப் போல ஒருவர் இருந்ததுதான்" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு வயசாயிட்டே ஐயா, எனக்கப்புறம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சிப் புஸ்தகத்தில் பதில் இல்லை. நான் அதை உங்களிடத்தில் கொண்டுவந்திருக்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் ஊழியன்,
ஆஸ்பத்திரி குருவானவர்