சான்று இருந்தது... பஸ்ஸில் ஓட்டையும் இருந்தது!

2012 ஜூலை 25. தாம்பரம் முடிச்சூர் சாலையில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி உயிரிழந்தாள். அது தகுதிச் சான்று பெற்ற பேருந்து!

சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழக அரசு, பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. வேகத்துக்கு வரம்பு உண்டு. அவசர வழி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் எல்லாமே கட்டாயம். கோடை விடுமுறையில் அதிகாரிகள் ஆய்வும் செய்கிறார்கள்.

ஆனால், அந்த ஆய்வு வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் பிள்ளை பஸ் ஏறுவதோ தினமும் இரண்டு முறை!

இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்: “பஸ்ல எது உடைஞ்சிருக்குடா? இறங்கும்போது ஆயா கையைப் பிடிச்சுக்கிறாங்களா? இறங்கினதும் பஸ் உடனே நகர்ந்துடுதா?”

குறை இருந்தால் மறுநாளே பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். கான்வென்ட்டோ, வேறு பள்ளியோ, தயக்கம் வேண்டாம். சரிசெய்யாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புகார் செய்யலாம். பிள்ளைக்கு வேறு ஏதாவது ஆபத்து என்று தெரிந்தால், 1098 எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம்.

காகிதத்தில் இல்லாத ஓட்டை, பிள்ளைகளின் கண்ணில் படும். கேட்க நாம்தான் வேண்டும்.