ஆகாயக் கணக்கு – 9: எண்பதுக்குக் கீழே

விமான நிறுவனம் நடத்தும் விளையாட்டை நரிக்குடியிலிருந்து ஆடும் நமக்கு மையம் மதுரைதான் என்று போன வாரம் முடிவானது. இந்த வாரம் டிக்கெட் விலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஓர் எண் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது: 80.

நம் நாட்டில் உள்நாட்டுத் தடத்தில் ஓடும் பயணிகள் விமானத்தில் இருக்கைகள் 80-க்குக் குறைவு என்றால் தரையிறங்கும் கட்டணமே கிடையாது. இப்போது இண்டிகோவின் ஏடிஆர் என்ற விசிறி விமானத்தில் இருக்கைகளை எண்ணிப் பாருங்கள்: 78. ஸ்பைஸ்ஜெட் தொடக்கத்தில் பறக்கவிட்ட க்யூ400-லும் 78!

இந்த எண்ணை வைத்தே ஒரு நிறுவனம் நம் மதுரைக்காரர்களிடமிருந்து கிளம்பியது. ஜவுளித் தொழிலில் இருந்த பாரமவுன்ட் குழுமம் 2005-ல் சென்னையிலிருந்து விமானம் விட்டது. எம்ப்ரேயர் 170, 175 ரக ஜெட்டுகள். 70, 75 இருக்கைகள். அத்தனையும் பிசினஸ் வகுப்பு. இந்தியாவில் இந்த ரகத்தை முதலில் பறக்கவிட்டவர்கள் அவர்கள்தான். தரையிறங்கும் கட்டணம் மிச்சம். அடுத்து எரிபொருள். அப்போது தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு விற்பனை வரி 29 சதவீதம். அப்போதைய நிதியமைச்சர், பக்கத்துத் தொகுதி சிவகங்கையின் ப.சிதம்பரம் 2007 பட்ஜெட்டில், 40 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களுக்கு அதை 4 சதவீதமாக்கும் சலுகையை அறிவித்தார். எம்ப்ரேயர் 40 டன்னுக்குள் அடங்கும், ஏ320 போன்ற பெரிய ஜெட் அடங்காது. ஒரே தடம், ஒரே எரிபொருள், வரியில் 25 சதவீதப் புள்ளி வித்தியாசம்! குத்தகைக்காரர்களோடு வழக்காகி 2010-ல் பாரமவுன்ட் நின்றுபோனது. ஆனாலும் இருக்கையை எண்ணி விமானத்தைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணக்கு இன்றும் பாடம்தான்.

உங்கள் விளையாட்டில் இந்தச் சலுகைகள் இல்லாமலிருக்கலாம். பாடம் இருக்கிறது. திருச்சுழித் தம்பி ஒருவர் மதுரை–சென்னைக்கு 180 இருக்கை ஏ320 வாங்கிவிட்டு, "தினம் 140 பேர் ஏறுறாங்க, லாபம் நிக்கலையேண்ணே" என்றார். தம்பி, 180-ல் 140 என்றால் 78 சதவீதம். அதே 140 பேரை ஏடிஆரில் காலையில் 70, மாலையில் 70 என்று பிரித்தால் 90 சதவீதம் நிரம்பும். காலையில் போய் வேலை முடித்து இரவே ஊர் திரும்ப நினைப்பவர் கூடுதல் விலைக்கும் டிக்கெட் எடுப்பார்; ஒரே நடை விடுபவரிடம் அவர் வரவே மாட்டார். தூரமோ சுமார் 420 கிலோமீட்டர். ஜெட்டின் வேகத்தால் மிச்சமாவது சில நிமிடங்கள்தான். எரிபொருளை ஏடிஆர் நன்றாகவே மிச்சப்படுத்தும். வரும் கூட்டத்தை எண்ணுங்கள், பிறகு விமானம் வாங்குங்கள். இந்த வரிசை மாறினால் நிரம்பிய விமானமும் நட்டத்தில் பறக்கும்.

அந்தக் கூடுதல் விலை எவ்வளவு? அது அடுத்த வாரம். அதற்கு எடுத்துக்கொள்ளப் போவது 2012-ல் தொடங்கிய மதுரை–கொழும்பு தடம். சென்னையைவிடக் கொழும்பு நமக்குப் பக்கம். ஆனால் அது வெளிநாடு. விலை எங்கே நிற்கும் என்று இப்போதே ஒரு கணக்குப் போட்டு வையுங்கள்.

(தொடரும்)