கைப்பிடிக் கீரையும் முடிச்சிட்ட பையும்

இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் அமாவாசை விடியற்காலை. எள்ளும் நீரும் இறைத்து, பிண்டத்தைக் கடலில் கரைத்து, பிதுர்க்கடன் முடித்து எழும் அன்பர்கள் அடுத்துத் தேடுவது பசுவை. அகத்திக்கீரைக் கட்டை அதன் வாயருகே நீட்டி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பின்னரே அவர்கள் மனம் நிறைகிறது. பசுவுக்கு ஒரு வாயுறை அளிப்பதை எவருக்கும் இயலும் அறங்களுள் ஒன்றாகத் திருமூலரும் வைத்தார்.

ஆனால் பூசைப் பொருள்கள் வந்த உறைகளும், மிஞ்சிய சிற்றுண்டியை முடிந்து எறிந்த பிளாஸ்டிக் பைகளும் தெருவோரக் குப்பையில் சேர்கின்றன. அங்கே மேயும் பசுவுக்குச் சோற்றின் மணம் தெரியும்; முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. நாவால் வளைத்து இழுத்து, அதிகம் மெல்லாமல் விழுங்கி, பின்னர் ஓய்வாக அசைபோடுவதே மாட்டின் இயல்பு. ஆகவே பையும் சோற்றோடு உள்ளே போய்விடுகிறது.

மாட்டின் வயிறு நான்கு அறைகள் உடையது. நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் முதல் அறையில் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் செரிக்க வைக்கின்றன. பிளாஸ்டிக்கை அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. அது ஒன்றோடொன்று பின்னி, கயிறுபோல் முறுகி, அங்கேயே தங்குகிறது. தீனிக்கு இடம் குறைகிறது, அசைபோடுவது குறைகிறது, வயிறு உப்புகிறது, பால் வற்றுகிறது. குப்பையோடு போன கம்பி இரண்டாம் அறையின் சுவரைத் துளைத்து இதயம் வரை செல்வதும் உண்டு. புடைத்த வயிற்றைப் பார்ப்பவரோ, மாடு நன்றாக மேய்ந்திருக்கிறது என்றே எண்ணுவர். வயிறு நிறைந்தபடியே அது பட்டினி கிடக்கிறது.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில், ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையால் அகற்றினர். அதற்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேலாயிற்று. தெருவில் திரியும் மாடுகளுள் எத்தனைக்கு அந்தப் பேறு வாய்க்கும்? ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு அதே ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. ஆயினும் பை நம் கையிலிருந்துதான் நழுவுகிறது.

யாத்திரைக்குப் புறப்படுகையில் ஒரு துணிப்பை எடுத்துக்கொள்வோம். மிஞ்சிய உணவைப் பையில் முடிந்து எறியாதிருப்போம். கீரைக்கட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஊட்டுவோம். ஒரு கையால் கீரையும் மறு கையால் நஞ்சும் ஊட்டினால், முன்னோர் எப்படி மனம் குளிர்வர்?