கதைசொல்லியின் இடம்: வெகுமக்கள் புதினங்களின் திரையாக்கங்களை மதிப்பிடும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் புதினங்கள் திரைப்படங்களாக உருப்பெறும்போது, அவற்றைப் பற்றிய மதிப்புரைகளும் ஆய்வேடுகளும் மூலத்தோடு ஒத்த இடங்களையும் வேறுபட்ட இடங்களையும் பட்டியலிடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. புதினத்தில் கதைசொல்லி ஆற்றும் பணியைத் திரைப்படத்தில் எது ஏற்கிறது என்னும் வினாவே மதிப்பீட்டின் மையமாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மர்மக் கதை, வரலாற்றுப் புதினம், சமூகப் புதினம், கரிசல் வட்டாரப் புதினம் ஆகிய நான்கு வகைகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புதினம், திரையாக்கம், கதைசொல்லி, தொடர்கதை, மதிப்புரை, இலக்கிய வகைமை.

முன்னுரை

தமிழில் பேசும்படம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே புதினங்கள் திரைக்கு வரத் தொடங்கிவிட்டன. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935ஆம் ஆண்டில் படமாயிற்று. அன்று தொடங்கிய உறவு, மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ வரை தொடர்ந்து வந்துள்ளது. இவ்வுறவு நீண்டதாயினும் அதனை மதிப்பிடும் முறை அதற்கேற்ப வளர்ந்ததாகத் தோன்றவில்லை. நூலில் உள்ளது படத்தில் இல்லை என்பது குறையாகவும், நூலில் உள்ளபடியே படம் அமைந்துள்ளது என்பது நிறையாகவும் கொள்ளப்படுகின்றன. சில வேளைகளில் இத்தீர்ப்பு தலைகீழாகி, மூலத்தை அப்படியே எடுத்தாண்டமையே குறையாகக் கூறப்படுவதும் உண்டு. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்னும் அளவுகோல்.

இவ்வளவுகோலில் இரு குறைபாடுகள் உள்ளன. முதலாவது, கதைநிகழ்ச்சிகளின் கோவையே புதினம் என அது கருதிக்கொள்கிறது. இரண்டாவது, எல்லா வகைப் புதினங்களும் ஒரே வகையான இன்பத்தைத் தருவன என எண்ணி, அவற்றை ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது. இவ்விரண்டையும் களைந்த ஒரு மதிப்பீட்டு முறையை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலம் எனப்படுவது யாது?

மூலத்தோடு ஒப்பிடும் முன் மூலம் எது என வரையறுத்தல் வேண்டும். தமிழ்ச் சூழலில் இது எளிதன்று. கல்கியின் ‘தியாகபூமி’ ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த காலத்திலேயே கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் படமாகவும் உருவாகி வந்தது. தொடருக்கு ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் நிழற்படங்களே இடம்பெற்றன. 1939இல் வெளியான இப்படத்தை நூலின் தழுவல் என்று மட்டும் கூற இயலாது. வாசகர், சம்பு சாஸ்திரியைப் பாபநாசம் சிவனின் முகத்தோடேயே வாசித்தனர். ஆகவே, படம் வாசிப்பிற்குள் முன்னதாகவே நுழைந்துவிட்டது.

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இதற்கு வேறொரு சான்று. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையே அதன் வித்து. மழையில் நின்ற பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டவனால் நேர்ந்ததைக் கேட்ட தாய், மகள் தலையில் நீரூற்றி அவளைத் தூயவளாக ஏற்கிறாள். கடும் விவாதத்தை எழுப்பிய அம்முடிவை மாற்றி, தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்னவாகும் என வினவியதே புதினம். அது தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்னும் பெயரில் தொடராக வந்து, பின்னர் நூலாகி, 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. திரைப்படம் 1977இல் வந்தது. சிறுகதை, தொடர், நூல், படம் என நான்கு நிலைகளைக் கொண்ட இவ்வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதை மறுவாசிப்புச் செய்கிறது. தன் கதையைத் தானே திருத்தி எழுதிய ஆசிரியர் இருக்கும்போது, திருத்தம் செய்த இயக்குநரை மட்டும் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது.

கதைசொல்லியின் பணிகள்

புதினத்திலிருந்து திரைக்குச் செல்லும்போது பாத்திரங்கள் செல்கின்றன; நிகழ்ச்சிகள் செல்கின்றன; உரையாடல்களும் பல வேளைகளில் செல்கின்றன. செல்ல இயலாதது கதைசொல்லியின் குரலே. பின்னணிக் குரலாக அதனைச் சிறிது காப்பாற்றலாமேனும், ஒவ்வொரு தொடரிலும் உடனிருந்த அக்குரலைப் படம் முழுதும் நிலைநிறுத்துதல் அரிது.

கதைசொல்லியின் பணிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, செய்தியைப் பங்கிடுதல். அதாவது, எதனை எப்போது வாசகர் அறிய வேண்டும் என முடிவுசெய்தல். இரண்டாவது, மதிப்பிடுதல், பாத்திரத்தின் செயலை வாசகர் எவ்வாறு நோக்க வேண்டும் எனக் குறிப்பாகவோ வெளிப்படையாகவோ உணர்த்துதல். மூன்றாவது, காலத்தை நடத்துதல். கதை நிகழும் காலத்திற்கும் வாசிக்கும் காலத்திற்கும் இடையே பாலம் அமைத்தல். இம்மூன்றும் எல்லாப் புதினங்களிலும் உண்டு. எனினும் வகைமைதோறும் ஒன்று தலைமை பெறுகிறது. அத்தலைமைப் பணி திரையில் என்னவாயிற்று என்று காண்பதே மதிப்புரையாளரின் முதற்கடமை.

மர்மக் கதை: மறைத்தலும் முகமும்

மர்மக் கதையில் தலைமை பெறுவது செய்தியைப் பங்கிடும் பணி. எழுத்தில் ஒருவரையே இரு பெயர்களில் உலவவிட்டு, இருவரும் ஒருவரே என்பதை இறுதிவரை மறைத்தல் எளிது. பெயர் மாறினால் ஆளும் மாறியதாக வாசகர் கொள்வர். திரையிலோ முகம் அனைத்தையும் காட்டிவிடும்.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் ‘மலைக்கள்ளன்’ 1954இல் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கத்திலும் மு. கருணாநிதியின் திரைக்கதை வசனத்திலும் படமானபோது இச்சிக்கல் எழுந்தது. மலைக்கள்ளனாகவும் வணிகர் அப்துல் ரகீமாகவும் வருபவர் எம். ஜி. ராமச்சந்திரனே என்பது காண்பவர்க்கு உடனே புலனாகும். அவர் யார் என்னும் மர்மம் இங்கே நிலைக்க இயலாது. படம் அதனை இழப்பாகக் கருதாமல் வேறோர் இன்பமாக மாற்றிக்கொள்கிறது. காவலர்க்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்னும் உரிமை காண்பவர்க்குக் கிடைக்கிறது. நாயகனின் இரகசியத்தில் அவர்களும் பங்காளிகளாகின்றனர். யார் என்னும் வினா எவ்வாறு என்னும் வினாவாகிறது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படமான இதன் வெற்றியில் இம்மாற்றத்திற்குப் பங்குண்டு எனக் கருதலாம்.

குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் ‘ப்ரியா’ எதிர்மறையான சான்று. இலண்டனைக் களமாகக் கொண்ட அக்கதை, 1978இல் எஸ். பி. முத்துராமன் இயக்கிய படத்தில் சிங்கப்பூருக்கு மாறியது. களமாற்றம் தன்னளவில் குறையன்று. ஆயின் வழக்கறிஞர் கணேஷ் கூர்மையான நோக்கராக இருந்து செய்திகளைச் சலித்தெடுப்பவர். படத்தில் அவர் பாடலும் காதலும் சண்டையும் கொண்ட நாயகராகிறார். நோக்குபவரே நோக்கப்படும் பொருளாகிவிட்டமையால், செய்தியைப் பங்கிடும் பணியை ஏற்க ஒருவரும் இல்லாமற் போகிறது. முன்னைய படம் இழந்ததற்கு ஈடு கண்டது. பின்னையது ஈடு காணவில்லை. இவ்வேறுபாட்டை, மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்னும் அளவுகோல் காட்டாது.

வரலாற்றுப் புதினம்: காலத்தை நடத்துதல்

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்தது. அதன் கதைசொல்லி, வாசகரைக் கற்பனைப் படகில் ஏற்றிச் சோழர் காலத்திற்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் செல்லும் வந்தியத்தேவன் நாட்டை வியந்து காண்பதுபோலவே வாசகரும் காண்கின்றனர். அறியாத இளைஞன் ஒருவனின் வியப்பே நாட்டின் செய்திகளை வாசகர்க்குக் கொண்டுசேர்க்கும் வழியாகிறது. வாரந்தோறும் காத்திருந்த வாசகர்க்கு மணியத்தின் ஓவியங்களும் அவ்வழிகாட்டலின் பகுதியாயின.

திரைப்படம் கமல்ஹாசனின் குரலில் முன்னுரை கூறி, ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. புதினத்தில் கரிகாலனைப் பற்றிய பேச்சுகளை முதலில் கேட்டு, பின்னரே அவனை மாமல்லபுரத்தில் நேரில் காண்கிறோம். படத்தில் அவனது சினமும் துயரமும் முதலிலேயே முன்னிற்கின்றன. இது வெறும் வரிசை மாற்றமன்று. பயணியின் கண்வழியே விரிந்த நாடு, இளவரசனின் காயத்தின்வழியே காணப்படும் நாடாகிறது. மணிமேகலை இடம்பெறாமையும், சேந்தன் அமுதன் உத்தம சோழனாக முடிசூடும் திருப்பம் கைவிடப்பட்டமையும் இதனோடு இயைந்தனவே. அத்திருப்பம், ஐந்து பாகங்களில் கதைசொல்லி பொறுமையாக விதைத்த ஐயங்களின் அறுவடை. விதைக்கக் காலம் இல்லாத படத்தில் அறுவடை மட்டும் நிகழ்ந்திருந்தால் அது நம்பத்தகாததாகியிருக்கும்.

ஆகவே நீக்கங்களை எண்ணுவதைவிட, இழந்தது இன்னதெனக் கூறுதலே தகும். கரிகாலன் மரணத்தில் கல்கி விட்டுவைத்த ஐயம், படத்தில் பெரிதும் உறுதியாகிவிடுகிறது. வரலாற்றை முழுதும் அறிய இயலாது என்னும் கதைசொல்லியின் அடக்கம் அங்கே மறைகிறது. படத்தின் உண்மையான இழப்பு மணிமேகலை அன்று, இவ்வடக்கமே.

சமூகப் புதினம்: மதிப்பிடும் குரல்

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ கங்காவின் தன்மைக் கூற்றில் இயங்குவது. தன்னைத் தீர்ப்பிட்ட உலகை அவள் தன் வாதத்தால் தீர்ப்பிடுகிறாள். ஏ. பீம்சிங் இயக்கிய படத்திற்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். ஆசிரியரே எழுதியமையால் சிக்கல் நீங்கிவிட்டது எனக் கருதலாகாது. கேமரா தன்மைக் கூற்றில் பேசாது. கங்காவைப் பிறர் காண்பதுபோலவே அதுவும் புறத்திலிருந்து காண்கிறது.

படம் இதற்கு இரு வழிகளைக் கையாள்கிறது. ஒன்று, இலட்சுமியின் நடிப்பு. பேசாத வேளைகளிலும் வாதிடும் முகம் கங்காவின் கூற்றுக்கு ஈடாகிறது. அந்நடிப்பிற்குத் தேசிய விருது கிடைத்தது. மற்றொன்று, கங்காவின் கதையை எழுதும் எழுத்தாளர் ஆர்.கே.வி. நாகேஷ் நடித்த அப்பாத்திரத்தின்வழி, கதை எழுதுபவரே காட்சியில் வந்து நிற்கிறார். பெண்ணின் குரலில் இருந்த அதிகாரத்தின் ஒரு பகுதி ஆணாகிய எழுத்தாளரிடம் சென்றுசேர்கிறது. இது பெண்ணிய நோக்கில் விரிவான ஆய்வுக்கு உரியது. ஒற்றுமை வேற்றுமைப் பட்டியலில் இப்பாத்திரம் ஒற்றுமைப் பத்தியிலேயே இடம்பெறும். அதன் மாறிய பொருள் மறைந்தே போகும்.

வட்டாரப் புதினம்: கருத்துரையாமை

பூமணியின் ‘வெக்கை’ (1982) வெகுமக்கள் வாசிப்பிற்கென எழுதப்பட்டதன்று. எனினும் 2019இல் வெற்றிமாறன் அதனை ‘அசுரன்’ எனப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசேர்த்தமையால், ஒப்புநோக்கத்திற்கு அது இன்றியமையாதது. அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்த சிறுவன் சிதம்பரமும் அவன் தந்தையும் எட்டு நாள் தலைமறைவாக அலைவதே புதினம். காடும் கண்மாயும் பசியும் பேச்சுமாகச் செல்லும் அதன் கதைசொல்லி, தீர்ப்புக் கூறுவதில்லை. சிறுவனின் தோளருகே நின்று பார்ப்பதோடு அமைகிறார்.

படத்தில் நடு இடம் தந்தை சிவசாமிக்குச் செல்கிறது. அவருடைய இளமைக்காலம், பஞ்சமி நிலம், குடிசைகள் எரிக்கப்படுதல் ஆகியன சேர்க்கப்படுகின்றன. கல்வியே பறிக்கவியலாத உடைமை என்னும் கருத்து இறுதியில் வெளிப்படையாகக் கூறப்படுகிறது. கருத்துரையாத கதைசொல்லிக்கு மாறாகக் கருத்துரைக்கும் தந்தை தோன்றுகிறார். இதனால் புதினத்தின் மௌனம் குலைகிறது. நிலவுரிமையின் வரலாறோ பெருந்திரளான பார்வையாளர் முன் வைக்கப்படுகிறது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் கூறும் மதிப்புரை, புதினத்திற்கோ படத்திற்கோ நீதி செய்யாது.

முறையின் எல்லை

இம்முறை எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் எனக் கூறுவதற்கில்லை. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து தோன்றிய மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979), மூலத்தின் ஒரு பொறியை மட்டும் ஏற்றுத் தனிப்படைப்பாக வளர்ந்தது. அத்தகைய படங்களில் கதைசொல்லியின் பணி எங்குச் சென்றது எனத் தேடுதல் வலிந்து பொருள்கொள்வதாகும். ஆகவே, திரையாக்கம் என்பதனையும் தூண்டுதலால் பிறந்த படைப்பு என்பதனையும் முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மதிப்புரையாளர் எழுப்ப வேண்டிய மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. இப்புதினத்தின் வகைமையில் கதைசொல்லியின் தலைமைப் பணி எது? திரையில் அப்பணியை ஏற்பது நடிகரின் முகமா, பின்னணிக் குரலா, காட்சி வரிசையா, வேறொரு பாத்திரமா? அவ்வாறு கைமாறியபோது யாருடைய நோக்கு வலுப்பெற்றது, யாருடைய நோக்கு மெலிந்தது? மூன்றாம் வினாவே தழுவலாய்வைச் சமூக ஆய்வோடு இணைப்பது. கங்காவிடமிருந்து எழுத்தாளருக்கும், சிதம்பரத்திடமிருந்து தந்தைக்கும் நோக்கு இடம்பெயர்ந்தமையை இதன்வழியே காண முடிந்தது.

இன்றைய மாணவர் பலர் படத்தின்வழியே நூலை அடைகின்றனர். வந்தியத்தேவனுக்கும் சிதம்பரத்திற்கும் நடிகரின் முகத்தை முன்கூட்டியே பெற்றுவிட்ட அவர்களுக்கு, நூலில் மட்டும் உள்ளது எது எனக் காட்டும் பொறுப்பு ஆசிரியர்க்கு உண்டு. அது கூடுதலான கதைநிகழ்ச்சி அன்று. கதையைச் சொல்லும் குரல். அக்குரலைக் கேட்கப் பழக்கியபின், படம் அதற்கு என்ன விடை கூறியது என வினவச் செய்தல் வேண்டும். அந்நிலையில் ஒப்பீட்டாய்வேடுகள் பட்டியல்களாகச் சுருங்காமல் இலக்கியத் திறனாய்வாக வளரும்.